அலைன்மெண்ட் தகராறுகள்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

ஆளுக்கொரு கேரக்டராக நடித்து ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மேசை ஆட்டம் பாதியில் நின்றுபோய், எல்லோரும் டைஸைக் கீழே வைத்துவிட்டு ஒழுக்கம் பற்றி வாதாடுகிறார்களா? காரணம் அனேகமாகக் கேரக்டர் ஷீட்டில் எழுதியிருக்கும் இரண்டே சொற்கள்தான். லாஃபுல் குட், கேயாட்டிக் நியூட்ரல், நியூட்ரல் ஈவில் என்று ஏதோ ஒன்று. இதற்குத்தான் அலைன்மெண்ட் என்று பெயர்: ஒரு அச்சில் ஒழுங்கு (லாஃபுல்), குழப்பம் (கேயாட்டிக்); மற்றதில் நன்மை (குட்), தீமை (ஈவில்); இரண்டுக்கும் நடுவில் நியூட்ரல். கீழே ஒவ்வொரு தகராறையும் அது வெளிப்படும் விதத்தை வைத்துக் கொடுத்திருக்கிறோம். உங்கள் ஆட்டத்தில் எது நடக்கிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். ஆனால் முதல் சோதனையை மட்டும் தாண்டாதீர்கள். அதிலேயே பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

முதல் சோதனை: எந்த அலைன்மெண்டைப் பற்றிப் பேசுகிறீர்கள்?

ஒரே பெயருக்குள் மூன்று வெவ்வேறு வேலைகள் ஒளிந்திருக்கின்றன.

முதலாவது, கட்சி. 1974-ல் வந்த முதல் பதிப்பில் லா, நியூட்ராலிட்டி, கேயாஸ் என்று மூன்றே இருந்தன. உலகத்தை ஆள ஒழுங்கும் குழப்பமும் போர் நடத்துகின்றன, நீ யார் பக்கம் என்பதுதான் கேள்வி. நல்லவனா கெட்டவனா என்று யாரும் கேட்கவில்லை. 1976-ல் கேரி கைகாக்ஸ் எழுதிய ஒரு கட்டுரைதான் நன்மை-தீமை என்ற இரண்டாவது அச்சைக் கொண்டுவந்தது. 1978-ன் பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் அது ஒன்பது கட்டமாக அச்சேறியது.

இரண்டாவது, குணவிவரம். இந்தக் கேரக்டர் பொதுவாக எப்படி நடந்துகொள்வான் என்பதற்கான சுருக்கக் குறிப்பு. 2014-ன் ஐந்தாம் பதிப்பு பெரும்பாலும் இப்படித்தான் பயன்படுத்துகிறது.

மூன்றாவது, விதியோடு பூட்டிய அடையாளம். மந்திரம் அதைக் கண்டுபிடிக்கும், வாள் அதைப் பார்த்து வெட்டும், வகுப்பு (கேரக்டரின் தொழில்வகை) அதைக் கேட்கும். 2000-ல் வந்த மூன்றாம் பதிப்பிலும் அதன் திருத்தமான 2003-ன் 3.5-லும் இது உச்சத்தில் இருந்தது. பாலடின் (புனித வீரன்) லாஃபுல் குட் ஆகத்தான் இருக்க வேண்டும், மங்க் (துறவி வீரன்) லாஃபுல் ஆக இருக்க வேண்டும், பார்பேரியன் (முரட்டு வீரன்) லாஃபுல் ஆக இருக்கவே கூடாது.

சோதனை எளிது. ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு கொடுத்து, "உன் அலைன்மெண்ட் நீ நிற்கும் பக்கமா, உன் குணமா, மந்திரம் படிக்கும் முத்திரையா?" என்று கேளுங்கள். பேசாமல் எழுதச் சொல்லுங்கள்; பேசவிட்டால் சத்தமாகப் பேசுபவரின் பதிலையே மற்றவர்களும் எழுதுவார்கள். சீட்டுகள் ஒத்துப்போகவில்லை என்றால் கோளாறு அங்கேதான் இருக்கிறது. எந்தப் பதிப்பை ஆடுகிறீர்களோ அதற்கேற்ற ஒன்றை டிஎம் (ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டர்) அறிவித்துவிட்டு மேலே போகலாம்.

அறிகுறி: "என் கேரக்டர் அப்படித்தான் செய்வான், நான் என்ன பண்ண?"

ரோக் (திருட்டில் தேர்ந்த வகுப்பு) தன் கூட்டாளியின் பையிலிருந்தே காயம் ஆற்றும் ஹீலிங் போஷனைத் திருடுகிறான். பேச்சுவார்த்தைக்கு வந்த தூதனை நடுச்சபையில் குத்துகிறான். ஷீட்டில் கேயாட்டிக் நியூட்ரல் என்று இருக்கும்.

குணவிவரத்தைக் கட்டளையாக எடுத்துக்கொண்டதுதான் காரணம். கேரக்டர் செய்ததைப் பார்த்துத்தான் அலைன்மெண்ட் எழுதப்படுகிறது. அலைன்மெண்டைப் பார்த்துக் கேரக்டர் நடப்பதில்லை. ஆட்டக்காரரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. 1989-ன் இரண்டாம் பதிப்பு கேயாட்டிக் நியூட்ரலைப் பைத்தியக்காரர்களோடு சேர்த்தே விவரித்தது. அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டதால், மூன்றாம் பதிப்பு வேலைமெனக்கெட்டு மறுக்க வேண்டியிருந்தது: இவன் பாலத்தைக் கடப்பதற்கும் அதிலிருந்து குதிப்பதற்கும் சம வாய்ப்புள்ளவன் அல்ல என்று. தன் சுதந்திரத்தைப் பெரிதாக மதிப்பவன், அவ்வளவுதான்.

சரிசெய்ய:

1. டைஸ் உருளும் முன் காட்சியை நிறுத்துங்கள். "அவன் ஏன் செய்கிறான்?" என்று கேட்காதீர்கள், "அலைன்மெண்ட்" என்று பதில் வரும். "இதனால் அவனுக்கு என்ன கிடைக்க வேண்டும்?" என்று கேளுங்கள். சொல்ல ஒன்றும் இல்லையென்றால் அந்தச் செயல் நடக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.
2. ஷீட்டில் மூன்று வரி எழுதச் சொல்லுங்கள்: எந்த நிலையிலும் செய்யாத ஒன்று, யாருக்காகத் திரும்பி வருவான், எந்த விதியைக் கண்டால் அவனுக்கு எரிச்சல் வரும். மூன்றாவது வரிதான் கேயாட்டிக் என்பதன் உண்மையான இடம்.
3. இன்னொரு ஆட்டக்காரரின் கேரக்டர் மீது செய்யும் எதற்கும் அந்த ஆட்டக்காரரின் சம்மதம் வேண்டும் என்று, ஆட்டம் தொடங்கும் முன் கூடிப் பேசும் செஷன் ஜீரோவிலேயே முடிவுசெய்யுங்கள்.

இத்தனைக்கும் பிறகும் தொடர்ந்தால் அது அலைன்மெண்ட் கோளாறு அல்ல, ஆளின் கோளாறு. ஆட்டத்துக்கு வெளியே, தனியாகப் பேச வேண்டிய விஷயம். அலைன்மெண்டை மாற்றச் சொல்வதில் பயனில்லை. ட்ரூ நியூட்ரல் (இரண்டு அச்சிலும் நடு) என்று எழுதிவிட்டு அதே திருட்டைச் செய்வார்.

அறிகுறி: பாலடின் எதைச் செய்தாலும் வீழ்கிறான்

இதில்தான் அதிக மனக்கசப்பு வரும், ஏனென்றால் இங்கே தண்டனை உண்டு. வீழ்ந்த பாலடினின் மந்திரமும் வகுப்புத் திறன்களும் போய்விடும்.

வழக்கமான காட்சி இப்படி இருக்கும். ஒரு கோப்ளின் ஒற்றன் கட்டுண்டு கிடக்கிறான். உயிரோடு விடுவதாகப் பாலடின் வாக்குக் கொடுத்துத்தான் தகவல் வாங்கினான். விடிந்தால் கிராமத்தின் மீது தாக்குதல். விட்டால் இவன் ஓடிப்போய்ச் சொல்லிவிடுவான்.

"அவிழ்த்து விடறேன். சொன்ன சொல் சொன்னதுதான்."

"அப்ப கிராமம் அழிஞ்சா உன் பொறுப்பு. பாலடின்கிறது போச்சு."

"சரி, கொன்னுடறேன்."

"வாக்கை மீறிட்டே. அப்பவும் போச்சு."

இங்கே டிஎம் இரண்டு வேறு அளவுகோல்களை மாற்றி மாற்றி வைக்கிறார். விடுவித்தபோது விளைவை வைத்துத் தீர்ப்பு. கொன்றபோது கடமையை வைத்துத் தீர்ப்பு. விளைவைப் பார்க்கும் தத்துவவாதிகள் பெந்தாமும் மில்லும் ஒரு பக்கம், கடமையைப் பார்க்கும் கான்ட் மறுபக்கம். இரண்டையும் ஒரே நேரத்தில் திருப்திசெய்ய எந்தப் பாலடினாலும் முடியாது.

3.5 விதியைத் திறந்து பாருங்கள். பாலடின் வீழ மூன்றே வழி: லாஃபுல் குட் அல்லாமல் போவது, தெரிந்தே மனமுவந்து ஒரு தீய செயலைச் செய்வது, நடத்தை நெறியை மிக மோசமாக மீறுவது. கவனிக்க வேண்டியவை இரண்டு. தீய செயல் என்றால் ஒன்றே போதும். ஒழுங்கற்ற செயல் ஒன்றினால் மட்டும் வீழ்ச்சி இல்லை. அடுத்தது, "தெரிந்தே" என்ற சொல். நெறி முழுவதும் பாலடின் செய்வதைப் பற்றியது. அவன் செயலைத் தொடர்ந்து வேறொருவன் செய்யப்போவதற்கு அவனை வீழ்த்த அதில் இடமில்லை. ஆக மேலே உள்ள காட்சியில் விடுவிப்பது வீழ்ச்சியே அல்ல. கட்டுண்டவனை வாக்கு மீறிக் கொல்வதுதான் ஆபத்தான பக்கம்.

சரிசெய்யும் முறை:

முன்னெச்சரிக்கை விதியை வையுங்கள். "இதைச் செய்தால் உன் நெறியை மீறியதாகும். உன் கேரக்டருக்கு அது தெரியும். செய்கிறாயா?" என்று டிஎம் கேட்காத எந்தச் செயலுக்கும் வீழ்ச்சி இல்லை. பல வருடம் கோயிலில் பயின்றவனுக்குத் தன் நெறி தெரியாமல் இருக்காது, ஆட்டக்காரருக்குத்தான் தெரியாது.

அடுத்து, காட்சியில் மூன்றாவது வாசல் வையுங்கள். அதற்கு விலை இருக்கட்டும், ஆனால் அந்த விலை சபதமாக இருக்கக் கூடாது: நேரம், ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளி), பணம், தூக்கம். ஒற்றனையும் தூக்கிக்கொண்டு இரவெல்லாம் நடந்தால் விடியுமுன் கிராமத்தை எச்சரிக்கலாம், ஆனால் ஓய்வெடுக்காமல் சண்டைக்குப் போக வேண்டும். பாலடின் ஆடுபவர்கள் இந்த வாசலைத்தான் விரும்பி எடுப்பார்கள்.

ஏற்கெனவே வீழ்ந்துவிட்டால் அட்டோன்மெண்ட் என்ற பரிகார மந்திரம் இருக்கிறது. அது ஐந்தாம் நிலை மந்திரம் என்பதால் குறைந்தது ஒன்பதாம் லெவல் கிளெரிக் (பூசாரி) வேண்டும். அறியாமையாலோ வசியத்தாலோ செய்த தவறு என்றால் எக்ஸ்பீ (அனுபவப் புள்ளி) செலவில்லை. வேண்டுமென்றே செய்ததென்றால் மந்திரம் போடுபவருக்கு 500 எக்ஸ்பீ செலவு. பாவம் செய்தவருக்கு அல்ல, பரிகாரம் செய்து வைப்பவருக்கு! அதனால்தான் அந்தக் கிளெரிக் சும்மா செய்ய மாட்டார், பதிலுக்கு ஒரு காரியம் கேட்பார். அடுத்த கதை தானாகக் கிடைத்துவிடும்.

ஐந்தாம் பதிப்பில் இந்தப் பகுதி அனேகமாகத் தேவையில்லை. அங்கே பாலடினைக் கட்டுவது அலைன்மெண்ட் அல்ல, சபதம். டிவோஷன், ஏன்ஷியண்ட்ஸ், வெஞ்சன்ஸ் என்று 2014 பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் உள்ள மூன்று சபதங்களுக்கும் வெவ்வேறு நெறிகள். வெஞ்சன்ஸ் எடுத்தவரை டிவோஷன் நெறியால் அளப்பது இப்போது அடிக்கடி காணும் பிழை.

அறிகுறி: "ஈவில்னு காட்டுது, வெட்டிடலாமா?"

ஊருக்குள் நுழைந்ததும் டிடெக்ட் ஈவில், அதாவது தீமையைக் கண்டறியும் மந்திரம். சத்திரக்காரன் மீது மங்கலான ஒளி. அடுத்த நொடி வாள் வெளியே.

முதலில் மந்திரத்தை ஒழுங்காகப் படியுங்கள். 3.5-ல் அது 60 அடிக் கூம்பு. முதல் சுற்றில் தீமை இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் தெரியும். இரண்டாம் சுற்றில் எத்தனை, அவற்றில் வலுவானது எவ்வளவு வலு என்பது. மூன்றாம் சுற்றில்தான் எது எங்கே என்பது. ஆறு நொடி வீதம் மூன்று சுற்று என்றால் பதினெட்டு நொடி நின்ற இடத்தில் கவனமாகப் பார்க்க வேண்டும். ஒரு அடிக் கல், ஒரு அங்குல உலோகம், மூன்று அடி மரம் அல்லது மண், மெல்லிய ஈயத் தகடு, இதில் எது இருந்தாலும் அதைத் தாண்டாது. முதல் சுற்றிலேயே "அதோ அவன்" என்று விரல் நீட்டவிட்டிருந்தால், பாதிப் பிரச்சினை உங்கள் கையால் வந்தது.

மீதிப் பாதி சிந்தனைக் கோளாறு. இந்த உலகத்தில் தீமை என்பது கருத்து அல்ல, கண்ணுக்குத் தெரியும் பொருள். நம் உலகத்தில் தத்துவவாதிகள் முடிக்காமல் வைத்திருக்கும் வழக்கு அங்கே முடிந்துவிட்டது: அறநிலை உண்மைகள் இருக்கின்றன, அளக்கவும் முடியும். ஆனால் அளப்பது ஆளின் மனநிலையை, அவன் செய்த செயலை அல்ல. சத்திரக்காரன் கஞ்சன், வேலைக்காரர்களை அடிப்பவன், அடுத்தவன் துன்பத்தில் சுகம் காண்பவன். மந்திரத்துக்கு அது போதும். நேற்று நடந்த கொலையை அவன்தான் செய்தான் என்பதற்கு அது சாட்சி ஆகாது.

இன்னும் ஒன்று. அன்டிடெக்டபிள் அலைன்மெண்ட் என்ற மந்திரம் 24 மணி நேரம் முத்திரையை மறைக்கும்; பார்டுக்கு (பாணர் வகுப்பு) அது முதல் நிலை மந்திரம்தான். அப்படியொரு மந்திரம் மலிவாகக் கிடைக்கும் நாட்டில், எந்த நீதிபதியும் டிடெக்ட் ஈவிலைச் சான்றாக ஏற்க மாட்டார். இதை ஊரின் சட்டமாகவே எழுதிவையுங்கள். சத்திரக்காரனை வெட்டினால் கொலைவழக்கு. கூடவே அந்த ஊரில் யாருக்கும் கேடு செய்யாத நாலைந்து ஈவில் ஆட்களையும் வையுங்கள்: வட்டிக்காரர், பொறாமை பிடித்த பாட்டி, பயத்தால் மட்டும் சட்டத்துக்கு அடங்கி நடக்கும் காவலன். இரண்டு செஷனில் வாள் உறைக்குள் போய்விடும்.

இதே வகை ஆட்டமான பாத்ஃபைண்டரின் முதல் பதிப்பு இதற்கு வேறு மருந்து வைத்திருக்கிறது. நான்கு ஹிட் டைஸ் (பலத்தின் அளவு) வரையுள்ள சாதாரண ஆட்களிடம் ஒளியே தெரியாது. ஐந்தாம் பதிப்பில் டிடெக்ட் ஈவில் அண்ட் குட் அலைன்மெண்டைப் பார்ப்பதே இல்லை. 30 அடிக்குள் அபரேஷன், செலஸ்டியல், எலிமெண்டல், ஃபே, ஃபீண்ட், அன்டெட் ஆகிய ஆறு வகை உயிர்கள் இருக்கின்றனவா, எங்கே இருக்கின்றன என்று சொல்லும். தொடர்கொலைகாரன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாலும் அது வாய் திறக்காது. பழைய பதிப்பு ஆடியவர்கள் புதிய பதிப்புக்கு வரும்போது இங்கே தடுக்கி விழுவார்கள்.

அறிகுறி: குகையில் கோப்ளின் குழந்தைகள், ஆட்டம் நின்றுவிட்டது

கொல்வதா விடுவதா என்று ஒரு மணி நேர விவாதம். 3.5-ன் உயிரினப் பட்டியல் நூலான மான்ஸ்டர் மானுவலில் விடை ஏறக்குறைய இருக்கிறது, யாரும் படிப்பதில்லை. அலைன்மெண்டுக்கு முன்னால் ஒரு சொல் இருக்கும். ஆல்வேஸ் என்றால் பிறவியிலேயே அப்படி, விதிவிலக்கு மிக அரிது. யூஷுவலி என்றால் பாதிக்கு மேல். ஆஃபன் என்றால் 40 முதல் 50 சதவீதம். சிவப்பு டிராகன் ஆல்வேஸ். கோப்ளின் யூஷுவலி. ஓர்க் வெறும் ஆஃபன், அதாவது பாதி ஓர்க்குகளாவது அந்தக் கட்டத்துக்கு வெளியே.

அரிஸ்டாட்டில் வழியில் யோசித்தால், தீய குணம் என்பது செய்து செய்து பழகி வருவது. குழந்தைக்கு அந்தப் பழக்கம் உருவாகவே காலம் இல்லை. ஆல்வேஸ் வகைக்கு இது பொருந்தாது, ஆனால் அங்கே வேறு கேள்வி வரும்: தேர்வே இல்லாமல் பிறந்ததை ஆபத்து என்று சொல்லலாம், குற்றவாளி என்று சொல்ல முடியுமா? 3.5 இதற்காகவே ஈவில் என்று ஒரு துணைவகை வைத்திருக்கிறது. அந்தத் துணைவகையைச் சேர்ந்த பிசாசு மனம் திருந்தி நல்லவன் ஆனாலும், அலைன்மெண்டைப் பார்க்கும் மந்திரங்கள் அவனை ஈவில் என்றே நடத்தும். உடலே அந்தப் பொருளால் ஆனது. திருந்திய பிசாசைப் பாலடின் டிடெக்ட் ஈவிலில் பார்க்கும் காட்சி, குழந்தை விவாதத்தைவிட நூறு மடங்கு சுவையானது, அதை ஆடிப்பாருங்கள்.

நடைமுறைக்கு: கேம்பெய்ன் (பல செஷன்கள் நீளும் தொடர்கதை) தொடங்கும் முன்பே ஒவ்வொரு இனத்தையும் "மக்கள்" அல்லது "தீமையால் ஆனவை" என்று பிரித்துச் சொல்லிவிடுங்கள். இந்த விவாதம் உங்களுக்கு வேண்டாம் என்றால் குகையில் குழந்தைகளை வைக்காதீர்கள்.

அறிகுறி: ட்ரூ நியூட்ரல் ட்ரூயிட் நடுச்சண்டையில் கட்சி மாறுகிறார்

இரண்டாம் பதிப்பின் மிச்சம் இது. நோல் என்ற தீய அரக்கர் கூட்டத்தை அடக்க உதவிய ட்ரூயிட் (இயற்கையை வழிபடும் பூசாரி), நோல்கள் அழியும் நிலைக்கு வந்ததும் விலகிக்கொள்வார் அல்லது பக்கம் மாறுவார் என்று அந்தப் புத்தகமே உதாரணம் கொடுத்தது. தராசை நேராக வைப்பதுதான் நோக்கமாம். ஆனால் தராசின் முள்ளை ஒவ்வொரு சண்டையிலும் பார்த்துக்கொண்டிருந்தால் யாரும் அவரோடு பயணம் போக மாட்டார்கள். சமநிலையைப் பிரபஞ்ச அளவில் வையுங்கள், பார்ட்டி (கேரக்டர்களின் குழு) அளவில் வேண்டாம். மற்ற நியூட்ரல்களுக்கு 3.5-ன் வரையறை போதும்: அப்பாவியைக் கொல்ல மனம் வராது, ஆனால் முன்பின் தெரியாதவனுக்காகத் தியாகம் செய்யும் அளவுக்கு ஈடுபாடும் கிடையாது.

அறிகுறி: "லாஃபுல்னா சட்டம்தானே, தப்பி வந்த அடிமையை ஒப்படைச்சுத்தான் ஆகணும்"

கிடையாது. லாஃபுல் என்பது கண்ட ஊரின் சட்டப்புத்தகம் அல்ல. சொன்ன சொல், முறை, தொடர்ச்சி, தனக்கென ஒரு கட்டுப்பாடு. 3.5 பாலடின் நெறிகூட முறையான அதிகாரத்தை மதிக்கச் சொல்கிறதே தவிர, நாற்காலியில் உட்கார்ந்த யாரையும் மதிக்கச் சொல்லவில்லை. சோதிக்க ஒரே கேள்வி: வாக்கைக் காப்பாற்றினால் நஷ்டம், மீறினால் யாருக்கும் தெரியாது. காப்பாற்றுவானா? ஆம் என்றால் லாஃபுல். கொடுங்கோலனின் சட்டத்தை மீறி அடிமையை எல்லை தாண்டிக் கொண்டுபோய்விட்டு, சொன்ன நாளில் சொன்ன இடத்தில் வந்து நிற்பவனும் லாஃபுல்தான்.

அறிகுறி: "இது நல்லதா கெட்டதா" விவாதமே செஷனைத் தின்றுவிடுகிறது

ஒருவர் விளைவைப் பேசுகிறார், மற்றவர் நோக்கத்தைப் பேசுகிறார். இரண்டு பேரும் சரிதான், அதனால்தான் முடியவில்லை.

நோக்கத்தைச் செயலுக்கு முன்பே பதிவுசெய்யுங்கள். 1999-ன் பிளேன்ஸ்கேப்: டார்மென்ட் கணினி ஆட்டம் இதை அழகாகச் செய்தது. அதில் ஒரே வாக்கியம் சில இடங்களில் "உண்மை", "பொய்" என்று இரண்டு தெரிவுகளாக வரும். எதிரில் இருப்பவர் காதில் விழுவது ஒன்றுதான். எந்த எண்ணத்தோடு சொன்னாய் என்பதைத்தான் ஆட்டம் குறித்துக்கொள்கிறது. நாயகன் ட்ரூ நியூட்ரலில் தொடங்கி, இப்படிச் சேரும் தெரிவுகளால் நகர்கிறான். மேசையில் ஆடும்போதும் டைஸுக்கு முன் "எதற்காக?" என்று கேட்டு ஒரு வரி எழுதிவைத்தால், பிறகு நோக்கத்தைத் திருத்தி எழுத முடியாது.

விவாதத்துக்கு இரண்டு நிமிடம். முடியவில்லை என்றால் டிஎம் தற்காலிகத் தீர்ப்பு சொல்வார், மீதி ஆட்டம் முடிந்தபின். ஒரு செயலுக்காக அலைன்மெண்டை மாற்றாதீர்கள். ஒரே திசையில், வெவ்வேறு செஷன்களில், மூன்று பதிவுகள் வந்தால் ஆட்டக்காரரிடம் காட்டி "இவன் மாறிக்கொண்டிருக்கிறானா?" என்று கேளுங்கள். எண் வேண்டும் என்பவர்களுக்கு 2002-ன் நெவர்வின்டர் நைட்ஸ் அளவு பொருந்தும்: ஒவ்வொரு அச்சும் 0 முதல் 100 வரை, நன்மை-தீமை அச்சில் 70-ம் அதற்கு மேலும் குட், 30-ம் அதற்குக் கீழும் ஈவில், நடுவில் நியூட்ரல். சிறு செயலுக்கு ஒரு புள்ளி, பெரிதுக்கு ஐந்து வரை போதும்.

மாற்றத்துக்குத் தண்டனை வைக்காதீர்கள். 1979-ன் டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடில் அலைன்மெண்ட் மாறினால் ஒரு லெவல் போய்விடும். அப்படி விலை வைத்தால், கேரக்டர் மனம் மாறும் ஒவ்வொரு தருணத்தையும் ஆட்டக்காரர் வக்கீல் மாதிரி மறுத்துக்கொண்டே இருப்பார்.

அறிகுறி: எழுதினோம், யாரும் பார்ப்பதில்லை

எடுத்துவிடுங்கள். 2008-ன் நான்காம் பதிப்பே ஒன்பதை ஐந்தாகக் குறைத்து, பெரும்பாலானோருக்கு "அன்அலைன்ட்" என்று ஒரு வழியும் விட்டது. பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பின் 2023 ரீமாஸ்டர் அலைன்மெண்டையே நீக்கிவிட்டது. அதே பாணியில் உங்கள் ஷீட்டிலும் இரண்டு வரி எழுதலாம்: செய்ய முனைவது, செய்யவே மாட்டாதது.

ஐந்தாம் பதிப்பின் 2014 புத்தகங்களோடு ஆடினால், எடுத்த பிறகு சில திருகாணிகள் தளர்ந்திருக்கும், அவற்றை இறுக்க வேண்டும். ஸ்பிரிட் கார்டியன்ஸ் மந்திரத்தில் போடுபவர் குட் அல்லது நியூட்ரல் என்றால் ரேடியண்ட் (ஒளி) சேதம், ஈவில் என்றால் நெக்ரோட்டிக் (சாவு) சேதம். இனி கிளெரிக் அந்த மந்திரத்தை முதன்முதலில் தயார்செய்யும்போது ஒன்றைத் தேர்ந்தெடுக்கட்டும், பிறகு மாற்றக் கூடாது. ரோப் ஆஃப் தி ஆர்ச்மேஜை என்ற மந்திர அங்கி வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று மூன்று நிறத்தில் வரும், அணிபவரின் அலைன்மெண்ட் பார்த்துத்தான் அவரோடு இணையும்; நிறத்தை எந்த மந்திரவாதிச் சங்கம் நெய்தது என்பதோடு கட்டிவிடுங்கள். டாலிஸ்மன் ஆஃப் ப்யூர் குட் என்ற தாயத்தைத் தொட்டால் குட்டும் ஈவிலும் அல்லாதவருக்கு 6டி6 (ஆறு பக்க டைஸ் ஆறின் கூட்டுத்தொகை), ஈவிலுக்கு 8டி6 சேதம். இனி அந்தக் கோயிலின் "செய்யவே மாட்டாத" வரிகளில் எதையாவது மீறியவருக்கு 6டி6, அந்தத் தெய்வத்தின் எதிரிக்குச் சேவை செய்பவருக்கு 8டி6. ஸ்ப்ரைட் என்ற குட்டித் தேவதை ஒருவரைத் தொட்டால் அவரது அப்போதைய உணர்ச்சிநிலை அதற்குத் தெரியும், அவர் டிசி 10 கரிஸ்மா சேவில் (குறைந்தது 10 வர வேண்டிய தற்காப்பு உருட்டலில்) தோற்றால் அலைன்மெண்டும் தெரியும். உணர்ச்சியை அப்படியே விடுங்கள். சேவ் தோற்றவரின் ஷீட்டில் உள்ள இரண்டு வரியில் ஒன்றை டிஎம் படித்துக் காட்டட்டும்.